கப்பலில் ஹைப்பர்சானிக் ஏவுகணை: குழாய், வெப்பம், தொடுவானம், கூடவே நம் கடலுக்கு வரும் எச்சரிக்கைகள்

லாஸ்பேட்டை:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கக் கடற்படை சும்வால்ட் என்ற போர்க்கப்பலிலிருந்த முன் பீரங்கியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஹைப்பர்சானிக் ஏவுகணைக் குழாய்களை இறக்கியிருக்கிறது. நம் நாட்டில் டிஆர்டிஓ 2024 நவம்பர் 16 அன்று ஒடிசா கரைக்கு எதிரே அப்துல் கலாம் தீவிலிருந்து 1,500 கி.மீ.க்கு மேல் போகக்கூடிய ஹைப்பர்சானிக் ஏவுகணையைச் சோதித்தது. காணொளிகளில் எல்லாரும் 'மாக் 5, மாக் 8' என்று (ஒலியைப்போல 5 மடங்கு, 8 மடங்கு) வேகத்தை மட்டுமே சொல்கிறார்கள். கப்பலில் இதை வைப்பதில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது? அணுகுண்டு இல்லாத, சாதாரண வெடிமுனை வைத்த வகையைப் பற்றித்தான் கேட்கிறேன். கணக்கோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

கெடிலக்கரை:
தம்பி, முதல் சிக்கல் குழாயின் அகலம். அங்கிருந்தே தொடங்குவோம்.

அமெரிக்கர்களின் அந்த ஏவுகணைத் திட்டத்துக்கு 'கன்வென்ஷனல் பிராம்ப்ட் ஸ்டிரைக்' என்று பெயர். மேலே தூக்கிவிட இரண்டு அடுக்கு திட எரிபொருள் ராக்கெட், அதாவது பூஸ்டர்; அதன் தலையில் எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கிப் போகும் ஒரு கிளைடர். பூஸ்டரின் விட்டம் 34.5 அங்குலம், அதாவது 87.6 செ.மீ. அவர்கள் டெஸ்ட்ராயர்களில் இருக்கும் மார்க் 41 ஏவுகூடத்தின் ஓர் அறை 25 அங்குலம். சும்வால்ட்டின் ஓரங்களில் இருக்கும் மார்க் 57 அறை 28 அங்குலம். இரண்டிலுமே இந்த ஏவுகணை நுழையாது. கையில் ஆயிரக்கணக்கான அறைகள் இருந்தும் ஒன்றுகூட இதற்குப் பயன்படாது என்பதால்தான் கப்பலையே அறுக்க வேண்டி வந்தது.

சும்வால்ட்டில் இறக்கிய பெரிய குழாயின் விட்டம் 87 அங்குலம், 2.21 மீட்டர். வர்ஜீனியா வகை நீர்மூழ்கியின் ஐந்தாம் தொகுதியில் நடுவில் சேர்த்த பகுதியிலும் இதே அளவுக் குழாய்தான். ஒரு குழாயில் ஏன் மூன்று ஏவுகணை, ஏன் நான்கு இல்லை என்பதைப் பத்தாம் வகுப்பு வடிவியலே சொல்லிவிடும். சம விட்டமுள்ள மூன்று வட்டங்களைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட, அதன் விட்டம் சிறியதைப்போல 2.155 மடங்கு வேண்டும். 87.6 செ.மீ.க்கு 1.89 மீட்டர். மிச்சம் 32 செ.மீ. அதில்தான் ஒவ்வொரு ஏவுகணையையும் தாங்கும் சட்டம், அதிர்ச்சி தாங்கும் பட்டைகள், வாயு வெளியேற்றும் அமைப்பு, கம்பிகள் எல்லாம் அடங்க வேண்டும். நான்கு வைத்தால் 2.414 மடங்கு, 2.11 மீட்டர். மிச்சம் 10 செ.மீ. கூட இல்லை, சட்டத்துக்கே இடம் போதாது. ஆகவே 4 குழாய், குழாய்க்கு 3, மொத்தம் 12.

கப்பல் 2023 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலாவில் இருக்கும் இங்கால்ஸ் கப்பல் கட்டும் தளத்துக்குப் போனது. 2024 டிசம்பரில்தான் மறுபடி தண்ணீரில் இறங்கியது. 2025-க்குள் ஏவுகணையோடு கப்பல் தயார் என்ற முதல் இலக்கு கைவிட்டுப் போயிற்று.

முத்தியால்பேட்டை:
பீரங்கியை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, விட்டுவிட்டீர்கள் அண்ணே. அந்த 155 மி.மீ. பீரங்கிக்கென்றே தனியாக வடிவமைத்த குண்டு ஒன்று ஏறத்தாழ 8 லட்சம் டாலர் என்று ஆனதும், 2016-இல் அதை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். 32 கப்பல் கட்டுவதாகத் தொடங்கிய திட்டம் மூன்றோடு நின்றது. குண்டின் வளர்ச்சிச் செலவை எத்தனை கப்பலுக்குப் பங்கு போடுகிறோம் என்பதில்தான் விலை நிற்கும், கப்பல் குறைந்ததும் குண்டு விலை ஏறியது. சுட குண்டில்லாத பீரங்கி இரண்டைச் சுமந்துகொண்டு 15,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் சுற்றிக்கொண்டிருந்தது. இடம் காலியாக இருந்ததால் ஹைப்பர்சானிக் வந்து உட்கார்ந்தது. மற்ற கப்பல்களில் அப்படி ஒரு காலி இடம் இல்லை. எனவே சும்வால்ட்டைக் காட்டி 'எல்லாக் கப்பலிலும் வரப்போகிறது' என்று முடிவு கட்டக் கூடாது.

கெடிலக்கரை:
சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்.

குழாய்க்குள்ளேயே பூஸ்டரைப் பற்றவைப்பதை ஹாட் லாஞ்ச் என்பார்கள். அப்படிச் செய்தால் அந்தத் தீயையும் புகையையும் கப்பலின் வயிற்றிலிருந்து வெளியேற்றத் தனிப் பாதை வேண்டும். அமெரிக்கக் கடற்படை கோல்ட் லாஞ்ச் முறையை எடுத்திருக்கிறது. வாயு அழுத்தத்தால் ஏவுகணையை மேலே தள்ளிவிட்டு, தளத்தைத் தாண்டிய பிறகு மோட்டாரைப் பற்றவைப்பது. நீர்மூழ்கிக்கும் இதே முறை ஒத்துவரும் என்பது பெரிய வசதி. ஆனால் தள்ளிய பிறகு மோட்டார் பற்றாவிட்டால், பல டன் எடையுள்ள திட எரிபொருள் திரும்பக் கப்பல் மேலேயே விழலாம். அதனால் தரையில் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்துத்தான் இதற்கு நம்பிக்கை வரும். 2025 ஏப்ரலில் கேப் கனாவெரலிலிருந்து கோல்ட் லாஞ்ச் முறையில் முழு ஏவுகணையையும் பறக்கவிட்டார்கள். அதுவும் தரையிலிருந்துதான்.

தரைக்கும் கப்பலுக்கும் இன்னொரு வேறுபாடு திசை. தரையில் நிற்கும் ஏவுவண்டிக்குத் தான் எங்கே நிற்கிறோம், வடக்கு எது என்பது நிதானமாகத் தெரியும். கப்பல் உருளும், குலுங்கும், நகரும். ஏவும் நொடியில் கப்பலின் திசைமானி ஏவுகணையின் திசைமானிக்குச் சொல்லும் கோணத்தில் ஒரு மில்லிரேடியன் பிழை இருந்து, வழியில் யாரும் திருத்தாவிட்டால், 1,500 கி.மீ. முடிவில் அது ஒன்றரை கி.மீ. பிழை. சாதாரண வெடிமுனைக்கு அது வீண் அடி. அணுகுண்டு என்றால் அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வார்கள். சாதாரண வெடிமுனை வைப்பதாலேயே துல்லியம் பல மடங்கு கூட வேண்டியிருக்கிறது.

லாஸ்பேட்டை:
அருமை. வெப்பம் பற்றி யாராவது?

ரெட்டியார்பாளையம்:
வெப்பத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

காற்று மோதி முழுவதுமாக நின்றுவிடும் புள்ளியில், அதாவது மூக்கு நுனியில், வெப்பநிலை எவ்வளவு என்பதற்கு எளிய சூத்திரம்: சுற்றுக்காற்றின் கெல்வின் வெப்பநிலையை 1 + 0.2 × மாக் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 30 கி.மீ. உயரத்தில் காற்று ஏறக்குறைய 226 கெல்வின். மாக் 5-க்கு 6 மடங்கு, 1,356 கெல்வின். மாக் 8-க்கு 13.8 மடங்கு, 3,100 கெல்வினைத் தாண்டுகிறது. எஃகு 1,800 கெல்வின் அளவிலேயே உருகிவிடும். உண்மையில் 2,500 கெல்வின் பக்கம் வந்ததும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடையத் தொடங்கி வெப்பத்தில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும். அதனால் இந்தச் சூத்திரம் மேல்வேகத்தில் கொஞ்சம் மிகையாகக் காட்டும். அந்த உடைந்த அணுக்கள் தோலின் மேல் வந்து மறுபடி சேரும்போது, விழுங்கிய வெப்பத்தைத் தோலிடமே திருப்பிக் கொடுக்கும் என்பது அடுத்த தொல்லை.

வெப்பம் உள்ளே பாயும் வீதம் வேகத்தின் மும்மடி. வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. மூக்கின் வளைவு ஆரம் சிறுத்தால், அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வெப்பம் கூடும். நீண்ட தூரம் சறுக்க வேண்டுமானால் மூக்கும் இறக்கை விளிம்பும் கூர்மையாக இருக்க வேண்டும். கூர்மையானால் எரியும். இந்த இழுபறியில்தான் கிளைடரின் வடிவம் தீர்மானமாகிறது.

பொருள் என்று பார்த்தால் கார்பன்-கார்பன், அதாவது கார்பன் இழையைக் கார்பனிலேயே பதித்தது. 2,000 டிகிரிக்கு மேலும் பலம் குறையாது, ஆனால் காற்றுப் பட்டால் 500 டிகிரி வாக்கிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து கரையத் தொடங்கும். அதற்காகத்தான் சிலிக்கான் கார்பைடு பூச்சு. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்திலிருந்து கரைந்துகொண்டே போகும். நுனி தேயத் தேய வடிவம் மாறுகிறது. வடிவம் மாறினால் காற்று தள்ளும் புள்ளி நகர்கிறது. கட்டுப்பாட்டு மென்பொருளோ தேயாத மூக்கை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். இடதுபுறம் ஒரு மாதிரியும் வலதுபுறம் ஒரு மாதிரியும் தேய்ந்தால் உருளத் தொடங்கிவிடும்.

அமெரிக்காவின் எச்டிவி-2 சோதனை வாகனம் 2010 ஏப்ரலிலும் 2011 ஆகஸ்டிலும் பறந்து, இரண்டு முறையும் 9 நிமிடத்தில் முடிந்துபோனது. இரண்டாவது பறத்தலில் தோலின் பகுதிகள் உரிந்து வந்ததால் ஏற்பட்ட அதிர்வலைகள்தான் வாகனத்தை உருட்டின என்று ஆய்வு முடிவு. உரியும் என்பது அவர்களுக்கும் தெரியும், எதிர்பார்த்ததைவிடப் பெரிய அளவில் உரிந்ததுதான் சிக்கல்.

இன்னொரு முக்கியமான விஷயம் நேரம். பாலிஸ்டிக் ஏவுகணையின் தலை வளிமண்டலத்துக்குள் நுழைந்து தரையைத் தொட ஒரு நிமிடம் ஆகாது. மேல்தோல் கொதித்தாலும் உள்ளே சூடு போய்ச் சேர்வதற்குள் வேலை முடிந்துவிடும். கிளைடர் பத்து நிமிடத்துக்கு மேல் காற்றிலேயே கிடக்கிறது. சூடு ஊறி உள்ளே இறங்குகிறது. மூக்கு தாங்கினாலும் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை தாங்க வேண்டும்.

வெள்ளிக்கடற்கரை:
இவ்வளவு பாடுபட்டுச் செய்வது எதற்கு? வேகமாகப் போனால் எதிரியால் தடுக்க முடியாது, அவ்வளவுதானே. ஐந்து நிமிடத்தில் வந்து விழுகிறதை எவன் தடுப்பான்?

கெடிலக்கரை:
அந்த வாதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள் சார். கப்பல் ரேடாரின் தொடுவானத்துக்கு, அதாவது பூமியின் வளைவு மறைக்காமல் அது பார்க்கக்கூடிய தொலைவுக்கு, ஒரு சூத்திரம் உண்டு. ரேடாரின் உயரத்தையும் இலக்கின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கி.மீ. வரும். ரேடார் 20 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும்.

கிளைடர் 30 கி.மீ. உயரத்தில் வந்தால் 730 கி.மீ.யிலேயே தொடுவானத்துக்கு மேல் தலை காட்டிவிடும். வினாடிக்கு 2.4 கி.மீ. வேகம் என்றால் எச்சரிக்கை நேரம் 5 நிமிடம்.

பிரமோஸ் மாதிரி சூப்பர்சானிக் ஏவுகணை கடைசிக் கட்டத்தில் அலைக்கு 10 மீட்டர் மேலே வந்தால் தொடுவானம் 31 கி.மீ. தான். வினாடிக்கு 800 மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் எச்சரிக்கை நேரம் 40 வினாடி.

தாக்கப்படும் கப்பலின் தளத்தில் நிற்பவருக்கு மாக் 8 கிளைடர் ஐந்து நிமிடம் தருகிறது, அதைவிட மூன்று மடங்கு மெதுவாக வருவது முக்கால் நிமிடம்கூடத் தரவில்லை. உயரத்தில் பறப்பதற்குக் கொடுக்கும் விலை இது. கடல் மட்டத்தில் மாக் 8 பறக்க முடியுமா என்றால், அங்கே காற்றின் அடர்த்தி 30 கி.மீ. உயரத்தில் இருப்பதைப்போல 65 மடங்குக்கு மேல். எந்தத் தோலும் நிற்காது.

ரெட்டியார்பாளையம்:
பாலிஸ்டிக் ஏவுகணையோடு ஒப்பிட்டால் கதை மாறும் அண்ணே, அதையும் சொல்லிவிட வேண்டும். 400 கி.மீ. உயரம் போகிற பாலிஸ்டிக் ஏவுகணை அதே ரேடாருக்கு 2,600 கி.மீ. தொலைவிலேயே தொடுவானத்துக்கு மேல் வந்துவிடும். அதற்கப்புறம் அதன் பாதை கல் எறிந்த மாதிரி. எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கிளைடர் தாழ்ந்தும் வருகிறது, வழியில் திரும்பவும் செய்கிறது. தடுக்கிறவனுக்கு இருக்கும் தலைவலி இந்தத் திருப்பம்தான். ஆனால் நினைத்த இடத்தில் சட்டென்று திரும்ப முடியாது. வினாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் புவியீர்ப்பைப்போல 5 மடங்கு விசையில் (5 ஜி) திரும்பினால் வளைவின் ஆரம் 80 கி.மீ. ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் கரையும், பூஸ்டர் கழன்ற பிறகு அதைத் திரும்பப் பெற எஞ்சின் கிடையாது.

தடுக்கவே முடியாது என்பதும் நடப்போடு ஒத்துவரவில்லை. 2023 மே 4 அன்று கீவ் நகருக்கு மேலே ரஷ்யாவின் கின்ஜால் ஏவுகணை ஒன்றை பேட்ரியாட் தடுப்பு ஏவுகணை வீழ்த்தியது, அமெரிக்காவே அதை உறுதிசெய்தது. கின்ஜால் விமானத்திலிருந்து ஏவும் பாலிஸ்டிக் வகை, முழுக் கிளைடர் இல்லை. ஆனாலும் இலக்கை நெருங்கும்போது எல்லாமே அடர்ந்த காற்றில் வேகம் குறைந்துதான் வருகின்றன. அந்தக் கடைசிச் சில பத்து கி.மீ.யில் தடுக்கிறவனுக்கு வாய்ப்பு உண்டு.

வெள்ளிக்கடற்கரை:
அப்போ வேகத்தால் லாபமே இல்லை என்கிறீர்களா?

முத்தியால்பேட்டை:
லாபம் உண்டு, நகரும் இலக்கில்தான் அது பளிச்சென்று தெரியும். 1,500 கி.மீ. தொலைவில் ஒரு போர்க்கப்பல் 30 நாட் வேகத்தில் போகிறது, அதாவது மணிக்கு 55 கி.மீ. டோமஹாக் மாதிரி மணிக்கு 880 கி.மீ.யில் பறக்கும் குரூஸ் ஏவுகணைக்கு அங்கே போய்ச் சேர ஒரு மணி 42 நிமிடம். அதற்குள் கப்பல் 95 கி.மீ. நகர்ந்திருக்கும். எந்தத் திசையில் என்று தெரியாவிட்டால் தேட வேண்டிய வட்டத்தின் பரப்பு 28,000 சதுர கி.மீ. சராசரி வினாடிக்கு 1.8 கி.மீ. போகும் ஹைப்பர்சானிக்குக்கு 14 நிமிடம். கப்பல் நகர்வது 13 கி.மீ. வட்டம் 530 சதுர கி.மீ. தேடும் பரப்பு ஐம்பதில் ஒரு பங்காகிவிட்டது. வேகத்தின் முழுப் பலன் இதுதான்.

ஆனால் 14 நிமிடத்துக்கு முன்னால் அந்தக் கப்பல் எங்கே இருந்தது என்று யாராவது பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். செயற்கைக்கோள் படம் எடுத்து, தரைக்கு அனுப்பி, ஆள் பார்த்து, இது எண்ணெய்க் கப்பல் இல்லை, போர்க்கப்பல்தான் என்று உறுதிசெய்து, உத்தரவு வாங்கி, ஏவுகணைக்குக் குறியேற்றுவதற்கு இரண்டு மணி நேரம் ஆனால், 14 நிமிடப் பயணத்தால் ஒரு பயனும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்திலேயே கப்பல் 110 கி.மீ. போயிருக்கும். இலக்கைப் பார்க்கும் கண்ணுக்குச் செலவழிக்காமல் ஏவுகணைக்கு மட்டும் செலவழிக்கும் கடற்படை காசைக் கரைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்கர்களின் திட்டம் பெரும்பாலும் நிலத்தில் அசையாத இலக்குகளுக்காக எழுந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2006-இல் அவர்கள் முதலில் கேட்டது நீர்மூழ்கியிலிருந்து ஏவும் டிரைடன்ட் அணு ஏவுகணையிலேயே அணுகுண்டை எடுத்துவிட்டுச் சாதாரண முனை வைப்பது. அப்படி ஒன்று நீர்மூழ்கியிலிருந்து கிளம்பினால் உள்ளே என்ன இருக்கிறது என்று ரஷ்யாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, நாடாளுமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது. வேறு பாதையில் பறக்கும் கிளைடர் பக்கம் அவர்கள் திரும்ப அது ஒரு முக்கியக் காரணம்.

லாஸ்பேட்டை:
விலை?

முத்தியால்பேட்டை:
அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் 2023 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 300 கிளைடர் ஏவுகணை வாங்கி 20 ஆண்டு பராமரிக்க 17.9 பில்லியன் டாலர். அதே தூரம் போய் முனை மட்டும் திரும்பக்கூடிய பாலிஸ்டிக் ஏவுகணை 300 என்றால் 13.4 பில்லியன். பராமரிப்பைச் சேர்க்காமல், வாங்கும் விலை மட்டும் ஏவுகணை ஒன்றுக்கு 41 மில்லியன், 26 மில்லியன் என்று வருகிறது. எதிரியிடம் தொலைதூரத் தடுப்பு ஏவுகணை இல்லாத இடங்களில் மலிவான பாலிஸ்டிக்கே போதும் என்பதுதான் அந்த ஒப்பீட்டின் சாரம்.

சும்வால்ட்டின் 12 ஏவுகணை இடங்களையும் நிரப்ப மட்டும் 49 கோடி டாலர். அவை தீர்ந்ததும் கப்பல் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும்.

ரெட்டியார்பாளையம்:
விலை ஏறுவதில் சோதனைத் தோல்விகளுக்கும் பங்கு உண்டு. 2021 அக்டோபரில் அலாஸ்காவின் கோடியாக்கில் பூஸ்டர் தோற்றது, கிளைடரைச் சோதிக்கவே முடியவில்லை. 2022 ஜூனில் ஹவாயில் தோல்வி. 2023 மார்ச்சிலும் செப்டம்பரிலும் கேப் கனாவெரலில் ஏவுவதற்கு முந்தைய சரிபார்ப்பிலேயே நிறுத்தினார்கள். 2024 ஜூனிலும் டிசம்பரிலும்தான் முழுப் பறத்தல் வெற்றி. இந்தப் பட்டியலைப் பாருங்கள், தடை வந்ததெல்லாம் பூஸ்டரிலும் ஏவுகருவியிலும். பத்திரிகைகள் கொண்டாடும் கிளைடர் 2017 அக்டோபரிலும் 2020 மார்ச்சிலும் வேறு பூஸ்டரில் நன்றாகவே பறந்திருந்தது. ராக்கெட் மோட்டாரும் ஏவுகருவியும் 'பழைய தொழில்நுட்பம்தானே' என்று எளிதாக எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் பின்னுக்கு இழுக்கும்.

தேங்காய்த்திட்டு:
இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு இதில் நேரடியாகப் படுவது எச்சரிக்கைப் பகுதிதான். முன்பெல்லாம் ஏவுகணைச் சோதனை என்றால் ஒடிசா கரையோரம் ஒரு சின்னக் கட்டம் போடுவார்கள். இப்போது வங்கக் கடலின் நடுவில் ஆயிரம் கி.மீ.யைத் தாண்டிய நீளத்தில் பட்டை பட்டையாக அறிவிக்கிறார்கள். ஏன் இவ்வளவு பெரிசு? சூரைக்குப் போகிற விசைப்படகுகள் அந்தப் பக்கம் போவதுண்டு.

ரெட்டியார்பாளையம்:
பாலிஸ்டிக் ஏவுகணைக்கு முதல் அடுக்கு விழும் இடம், இரண்டாம் அடுக்கு விழும் இடம், இலக்கு என்று தனித்தனிக் கட்டம் போட்டால் போதும். நடுவில் அது விண்வெளியில் இருக்கும். கிளைடர் வழி நெடுகக் காற்றுக்குள்ளேயே பறக்கிறது. எந்த நொடியிலும் உருளலாம், பாதுகாப்பு அதிகாரி அழிக்கும் உத்தரவு கொடுக்கலாம், சிதறல் அங்கேயே விழும். திரும்பும் திறன் இருப்பதால் இடமும் வலமும் எவ்வளவு விலக முடியுமோ அதையும் சேர்த்து அடைக்க வேண்டும். ஆகவே பட்டை நீளமாகவும், போகப் போக அகலமாகவும் வரும்.

கண்காணிப்புக்கும் அதே தொடுவானக் கணக்குதான். கலாம் தீவில் நிற்கும் ரேடார் 30 கி.மீ. உயரத்தில் போவதை 700 கி.மீ. வரைதான் தொடர முடியும். 1,500 கி.மீ. பறத்தலில் பாதிக்கு மேல் கரைக்குத் தெரியாது. அதனால்தான் கப்பல்களை வழியில் நிறுத்துகிறார்கள். 2024 நவம்பர் சோதனையில் கடைசிக் கட்டத் திருப்பங்களையும் விழுந்த இடத்தின் துல்லியத்தையும் உறுதிசெய்தது வழியில் நின்ற கப்பல்களின் பதிவுதான் என்று அரசு அறிவிப்பே சொல்கிறது. ஐஎன்எஸ் துருவ் மாதிரிக் கண்காணிப்புக் கப்பல் 2021-இல் வந்ததற்கும் இந்தத் தேவைதான் அடிப்படை. கப்பல்கள் நிற்கும் இடத்தில் அலை அதிகமானால் சோதனை தள்ளிப்போகும், உங்களுக்கு மூடிய நாட்களும் நீளும்.

பரங்கிப்பேட்டை:
தேங்காய்த்திட்டு அண்ணே, எச்சரிக்கை எப்படி வருகிறது, எங்கே தவறுகிறது என்பதைச் சொல்கிறேன்.

நம் கடற்பகுதிக்கு நாவ்ஏரியா 8 என்று பெயர். அதற்குப் பொறுப்பு டேராடூனில் இருக்கும் தேசிய நீர்ப்பரப்பு வரைவியல் அலுவலகம். கரையோரக் கப்பல்களுக்கு 518 கிலோஹெர்ட்ஸில் நாவ்டெக்ஸ் என்ற வானொலி எழுத்துச் செய்தியாக வரும். கிழக்குக் கரை நிலையங்களில் ஒன்று நம் பரங்கிப்பேட்டையில்தான் இருக்கிறது, போர்ட்டோ நோவோ என்ற பழைய பெயரிலேயே பட்டியலில் இருக்கும். இது எட்டும் தொலைவு ஏறக்குறைய 250 கடல் மைல். அதற்கு அப்பால் போகும் படகுக்குச் செயற்கைக்கோள் வழியாக வந்தால்தான் உண்டு. கருவியில் செய்தி வகையைத் தேர்ந்தெடுக்கும்போது கடல்வழி எச்சரிக்கை, வானிலை எச்சரிக்கை, மீட்புச் செய்தி மூன்றையும் அணைக்க முடியாதபடி வைத்திருப்பார்கள். ஆனால் கருவியையே அணைத்துவிட்டுத் தூங்கினால் வந்த செய்தி போனதுதான்.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில்.

ஒன்று நேரம். செய்தியில் '160130 யுடிசி முதல் 160530 யுடிசி வரை' என்று இருக்கும். முதல் இரண்டு எண் தேதி, 16. மீதி நான்கு எண் நேரம், உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அதாவது 16-ஆம் தேதி காலை 7 மணி முதல் 11 வரை. கூட்ட மறந்தவர் விடியற்காலை ஒன்றரை முதல் ஐந்தரை வரை என்று எடுத்துக்கொண்டு, ஆறு மணிக்கு 'முடிந்துவிட்டது' என்று உள்ளே போவார். சரியாக ஏழு மணிக்கு நட்டநடுவில் வலை போட்டுக்கொண்டிருப்பார். இரவு நேரம் என்றால் தேதியும் மாறும்: 15-ஆம் தேதி 2000 யுடிசி என்பது நமக்கு 16-ஆம் தேதி அதிகாலை 1.30.

இரண்டு, இடம். '13-30' என்று போட்டால் 13 பாகை 30 கலை. அதை ஜிபிஎஸ்ஸில் 13.30 என்று புள்ளி வைத்து ஏற்றினால் கருவி அதை 13 பாகை 18 கலை என்று எடுத்துக்கொள்ளும். 12 கலை வித்தியாசம், அட்சரேகையில் அது 12 கடல் மைல், 22 கி.மீ. மூலைகள் நான்கும் இப்படித் தள்ளிப்போனால் எல்லைக்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டு உள்ளே நிற்பீர்கள். ஜிபிஎஸ் அமைப்பில் போய் 'பாகை, கலை' வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். மூலைகளைச் செய்தியில் இருக்கும் வரிசையிலேயே இணைக்க வேண்டும், மாற்றி இணைத்தால் கட்டம் குறுக்கே மடிந்து பாதிப் பகுதி வெளியே தெரியும்.

லாஸ்பேட்டை:
இது எனக்கே புதிது. நன்றி. கடைசியாக ஒன்று: நம் கடற்படையின் கப்பல்களில் இது எப்போது ஏறும் என்பதைவிட, எந்த வழியில் ஏறும் என்று சொல்ல முடியுமா?

கெடிலக்கரை:
இரண்டு வழி ஓடிக்கொண்டிருக்கிறது தம்பி. ஒன்று, நாம் பேசிய கிளைடர் வழி. இன்னொன்று ஸ்கிராம்ஜெட், அதாவது காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே எரியும் எஞ்சின். வினாடிக்கு 1.8 கி.மீ. வேகத்தில் வரும் காற்று எரியறைக்குள் ஆயிரத்தில் ஒரு வினாடி அளவுதான் தங்கும். அதற்குள் எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிய வேண்டும். இஸ்ரோ 2016 ஆகஸ்ட் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மாக் 6-இல் 5 வினாடி எரித்துக் காட்டியது. டிஆர்டிஓவின் எச்எஸ்டிடிவி என்ற சோதனை வாகனம் 2020 செப்டம்பர் 7-இல் 20 வினாடிக்கு மேல் பறந்தபடியே எரித்தது. ஹைதராபாத்தில் தரையில் வைத்து, எரிபொருளாலேயே எரியறையைக் குளிர்விக்கும் முறையில் 2025 ஜனவரியில் 120 வினாடி, ஏப்ரலில் 1,000 வினாடிக்கு மேல். 1,000 வினாடி என்பது முழுப் பயண நேரம். தரைச் சோதனையில் எஞ்சின் தாங்கிவிட்டது, பறந்தபடி அவ்வளவு நேரம் எரிப்பது அடுத்த படி.

கப்பலில் பொருத்துவதற்கு ஸ்கிராம்ஜெட் வழி ஒத்துவரக்கூடியது என்பது என் கணிப்பு. ஆக்சிஜனைச் சுமக்க வேண்டாம் என்பதால் உடல் சிறுக்கும். ரஷ்யா தன் சிர்கான் ஹைப்பர்சானிக் ஏவுகணையைப் புதுக் குழாய் கட்டாமல், அட்மிரல் கோர்ஷ்கோவ் கப்பலில் ஏற்கெனவே இருந்த பொது ஏவுகூடத்திலேயே இறக்கிவிட்டது. நம் விசாகப்பட்டினம் வகை டெஸ்ட்ராயர் நான்கிலும் கப்பலுக்கு 16 பிரமோஸ் குழாய் இருக்கிறது. அந்தக் குழாயில் நுழையும் அளவுக்குள் புது ஏவுகணையை அடக்கினால் கப்பலை அறுக்க வேண்டாம். 8.4 மீட்டர் நீளம், 3 டன் எடை என்ற பிரமோஸின் அளவுதான் வடிவமைப்பாளருக்கு எல்லைக்கோடு. கிளைடர் என்றால் பூஸ்டர் பெருக்கும், புதுக் குழாயோ புதுக் கப்பலோ வேண்டும்.

தேங்காய்த்திட்டு:
பரங்கிப்பேட்டை தம்பிக்கு ஒரு கேள்வி பாக்கி. ஐந்து நாள் மூடுகிறார்கள், இரண்டாம் நாளே சோதனை முடிந்துவிட்டது என்று செய்தித்தாளில் வருகிறது. உள்ளே போகலாமா?

பரங்கிப்பேட்டை:
செய்தித்தாளைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது அண்ணே. ஒரே எச்சரிக்கையில் இரண்டு சோதனையையும் சேர்த்து அறிவித்திருக்கலாம். மூடல் முன்கூட்டியே நீங்கினால் ரத்துச் செய்தி தனியாக வரும். அதில் எந்த எச்சரிக்கையை ரத்து செய்கிறார்கள் என்று பழைய எண்ணும் ஆண்டும் இருக்கும். நீங்கள் எழுதிவைத்த எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தை மட்டும் ஜிபிஎஸ்ஸிலிருந்து நீக்குங்கள். எண் பொருந்தாவிட்டால் அறிவித்த கடைசி நாள், கடைசி மணி வரை அந்தக் கட்டம் திரையிலேயே இருக்கட்டும்.